கம்யூனிசம் நடைமுறைக்கு ஒத்துவருமா? சோவியத் அனுபவத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

"கொள்கை நல்லதுதான், ஆனால் நடைமுறைக்கு ஒத்துவராது, மனுஷன் சுயநலக்காரன்." கம்யூனிசம் பற்றிய பேச்சு நம் ஊரில் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. எதிரே ஓர் இடதுசாரித் தோழர் இருந்தால், "ரஷ்யாவில் இருந்தது உண்மையான கம்யூனிசமே இல்லை" என்பார். அங்கே வாழ்ந்து, உழைத்து, பசித்துச் செத்த கோடிக்கணக்கான மக்களின் அனுபவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடக்கூடிய பதில்கள் இவை. இரண்டிலும் எனக்கு நிறைவில்லை.

சோவியத் ஒன்றியம் 1922 முதல் 1991 வரை இருந்தது. கடைசி ஆண்டுகளில் அதன் மக்கள்தொகை 28 கோடிக்கு மேல். அவ்வளவு பெரிய நாடு தன் பொருளாதாரம் முழுவதையும் இத்தனை ஆண்டுகள் திட்டமிட்டே நடத்தப் பார்த்தது. எங்கே வென்றது, எங்கே இடறியது என்பதற்கான பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த முயற்சி இடறியதற்கு மனிதனின் சுயநலம் முதல் காரணம் இல்லை. "இது வேண்டாம், இது தப்பு" என்று கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குத் தெரிவிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கடையில் இருக்கும் விலை. இன்னொன்று தேர்தலில் போடும் ஓட்டு. சோவியத் நாட்டில் இரண்டு வழியும் அடைபட்டிருந்தன.

முதலில், கம்யூனிசம் என்றால் என்ன?

நிலம், ஆலை, சுரங்கம், ரயில் போன்ற உற்பத்திச் சாதனங்கள் தனியாருக்குச் சொந்தமாக இல்லாமல் சமூகத்துக்கே பொதுவாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. நீங்கள் உடுத்தும் சட்டையும் படிக்கும் புத்தகமும் உங்களுடையவையே. அவற்றை யாரும் பிடுங்குவதில்லை. பொதுவாக்கப்படுவது, பிறரைக் கூலிக்கு வைத்து லாபம் எடுக்க உதவும் சொத்து.

இதில் இரண்டு கட்டங்கள் உண்டு என்று கார்ல் மார்க்ஸ் 1875-இல் எழுதினார். முதல் கட்டத்தில் அவரவர் உழைப்புக்கு ஏற்ற பங்கு கிடைக்கும். வளம் பெருகிய பிறகு வரும் உயர்ந்த கட்டத்தில், ஒவ்வொருவரும் இயன்ற அளவு உழைப்பார்கள், தேவையான அளவு எடுத்துக்கொள்வார்கள். பிற்காலத்தில் முதல் கட்டத்தை சோஷலிசம் என்றும் இரண்டாவதைக் கம்யூனிசம் என்றும் அழைக்கும் வழக்கம் வந்தது.

சோவியத் ஒன்றியம் தான் கம்யூனிசத்தை அடைந்துவிட்டதாக ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. உழைப்புக்கேற்ற பங்கு என்பதைத்தான் 1936-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் எழுதிவைத்தது. 1961-இல் குருஷேவ் தலைமையில் கட்சி ஏற்ற திட்டம், 1980-க்குள் கம்யூனிசத்துக்கான பொருளாதார அடித்தளம் தயாராகிவிடும், இன்றைய தலைமுறையே கம்யூனிசத்தில் வாழும் என்று உறுதி கூறியது. அந்த ஆண்டு வந்தபோது இறைச்சிக்கு வரிசை நின்றது. ஆகவே "அது உண்மையான கம்யூனிசம் இல்லை" என்பது வரையறைப்படி சரிதான். ஆனால் அதை நோக்கி நடக்கத் தொடங்கிய எல்லோரும் ஏன் பாதி வழியிலேயே நின்றார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

பணமே இல்லாமல் நடத்திப் பார்த்த மூன்று ஆண்டுகள்

1917 புரட்சிக்குப் பிறகு உள்நாட்டுப் போர். 1918 முதல் 1921 வரை, புரட்சியில் ஆட்சியைப் பிடித்த லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகள் கடைப்பிடித்த முறைக்குப் 'போர்க்காலக் கம்யூனிசம்' என்று பெயர். ஆலைகள் அரசுடைமையாயின. தனியார் வணிகம் தடை செய்யப்பட்டது. நகரத்துக்கும் படைக்கும் உணவு வேண்டும் என்று ஆயுதக் குழுக்கள் கிராமங்களுக்குப் போய், விவசாயியின் தேவைக்கு மேல் இருப்பதாகக் கருதிய தானியத்தை எடுத்துவந்தன. பணத்தின் மதிப்பு கரைந்துபோனது. பணமில்லாத சமுதாயம் வந்துவிட்டது என்று அதைக் கொண்டாடியவர்களும் கட்சிக்குள் இருந்தார்கள்.

மிச்சம் எதுவும் தன் கையில் நிற்காது என்று தெரிந்த விவசாயி குறைவாக விதைத்தார். நகரத்தில் சோறு இல்லாததால் தொழிலாளிகள் கிராமத்துக்கே திரும்பினார்கள். 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த பெத்ரோகிராட் (பின்னாளில் லெனின்கிராட்) நகரில் 1920-இல் மிஞ்சியவர்கள் சுமார் 7 லட்சம். 1921 மார்ச்சில் குரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்தின் மாலுமிகளே கிளர்ந்தெழுந்தார்கள். புரட்சிக்குத் துணை நின்ற அதே தளம் அது. அந்த ஆண்டு தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 50 லட்சம் பேர் இறந்தார்கள். வறட்சியும் போரும் காரணம்தான். ஆனால் கையிருப்பு தானியம் முன்பே சுரண்டி எடுக்கப்பட்டிருந்ததால் கிராமங்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

லெனின் பின்வாங்கினார். 1921 மார்ச்சில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது: விவசாயி ஒரு பங்கை வரியாகக் கொடுத்தால் போதும், மீதியைச் சந்தையில் விற்கலாம். பெரிய ஆலைகள் அரசிடம், சின்னக் கடைகளும் பட்டறைகளும் தனியாரிடம். சில ஆண்டுகளிலேயே விளைச்சல் மீண்டது. இந்தக் கலப்புப் பாதையிலேயே நாடு போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. 1928-29-இல் ஸ்டாலின் அதை மூடிவிட்டு, ஐந்தாண்டுத் திட்டத்தையும் கட்டாயக் கூட்டுப் பண்ணைகளையும் கொண்டுவந்தார்.

விலை இல்லாமல் எப்படிக் கணக்குப் போடுவது?

இனி நாட்டில் எது எவ்வளவு உற்பத்தியாக வேண்டும் என்பதை மாஸ்கோவில் இருந்த கோஸ்பிளான் என்ற திட்டக் குழு கணக்கிட்டது. வேலை இப்படி நடக்கும்: அடுத்த ஆண்டு இத்தனை டன் எஃகு கிடைக்கும், டிராக்டர் ஆலைக்கு இவ்வளவு, ரயில் பாதைக்கு இவ்வளவு, பீரங்கிக்கு இவ்வளவு வேண்டும். கூட்டினால் பற்றாக்குறை. சரி, எஃகைக் கூட்டலாம் என்றால் நிலக்கரி இன்னும் வேண்டும். நிலக்கரியைக் கூட்ட சுரங்க இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு மறுபடி எஃகு வேண்டும். ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு இப்படி வரவையும் செலவையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சரிசெய்வார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் திட்ட ஆண்டே தொடங்கிவிடும்.

இதில் இருக்கும் சிக்கலை லுட்விக் ஃபொன் மீசஸ் என்ற வியன்னாப் பொருளியலர் 1920-லேயே சுட்டிக்காட்டினார். கையில் கொஞ்சம் தோல் இருக்கிறது. அதில் காலணி தைப்பதா, ஆலை இயந்திரத்துக்குப் பட்டை செய்வதா, குதிரைச் சேணம் செய்வதா? சந்தையில் இதற்கு யாரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. தோல் விலை ஏறினால், மாற்று வழி உள்ளவர் ரப்பருக்கோ துணிக்கோ போய்விடுவார். தோல் இல்லாமல் முடியாதவர் மட்டும் வாங்குவார். ஏன் விலை ஏறியது என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. உற்பத்திப் பொருள்களுக்குச் சந்தையே இல்லாதபோது இந்த ஒப்பீடு எப்படி நடக்கும் என்று மீசஸ் கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஃபிரெட்ரிக் ஹாயெக் அதை விரித்தார்: எது எங்கே குறைவு, எந்த இயந்திரம் இன்று பழுது, எந்த ஊரில் எந்தச் சரக்கு தேங்குகிறது என்ற அறிவு லட்சக்கணக்கான தலைகளில் சிதறிக்கிடக்கிறது, அதை ஓர் அலுவலகத்தில் திரட்ட முடியாது.

இந்த இருவரும் சோஷலிசத்தின் தீவிர எதிரிகள். அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் சோவியத் ஆலைகளின் அன்றாடமே அவர்களுக்குச் சாட்சியாக நின்றது.

ஆலைக்கு இலக்கை எடையில் கொடுத்தால், எடை கூடிய பொருள் வந்தது. அலங்கார விளக்குகளின் உற்பத்தி டன் கணக்கில் அளக்கப்பட்டதால், கூரையே தாங்காத அளவுக்கு கனமான விளக்குகள் வருகின்றன என்று குருஷேவே மேடையில் குறைப்பட்டார். எஃகுத் தகட்டுக்கு டன்னில் இலக்கு வைத்தால் தகடு தடித்தது; சதுர மீட்டரில் வைத்தால் மெலிந்தது. ஆலை மேலாளர் முட்டாள் இல்லை. அவருடைய ஊக்கத்தொகை இலக்கை எட்டுவதில் இருந்தது. அந்தத் தகட்டை யார் எதற்கு வாங்குகிறார் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

இன்னொரு பழக்கமும் வேரூன்றியது. இந்த ஆண்டு அதிகம் சாதித்தால் அடுத்த ஆண்டு இலக்கு அதற்கு மேலே போய்விடும். எனவே திறமையுள்ள மேலாளர் தன் ஆலையின் உண்மையான திறனை மறைத்தார். மூலப்பொருள் சமயத்துக்கு வராது என்று தெரிந்ததால் தேவைக்கு மேல் கேட்டுப் பதுக்கினார். அப்படியும் வராவிட்டால், ஊர் ஊராக அலைந்து ஆள் பிடித்துச் சரக்கு வாங்கிவர 'தோல்காச்' எனப்படும் ஆள்களை வைத்துக்கொண்டார். மாதத்தின் முதல் பத்து நாள் சரக்குக்குக் காத்திருப்பு. கடைசிப் பத்து நாள் இரவு பகலாக ஓட்டம். ஒவ்வொரு ஆலையும் மேலே அனுப்பிய எண் கொஞ்சம் பொய். அந்தப் பொய்களைக் கூட்டித்தான் கோஸ்பிளான் அடுத்த திட்டத்தைப் போட்டது.

நட்டமடைந்த ஆலை மூடப்படவும் இல்லை. ஹங்கேரிப் பொருளியலர் யானோஷ் கோர்னாய் இதைத் துல்லியமாக எழுதினார்: எப்படியும் அரசு கைதூக்கிவிடும் என்று தெரிந்த நிறுவனம் எதையும் அளந்து கேட்காது, எல்லா நிறுவனமும் அளவின்றிக் கேட்டால் நாடு முழுவதும் நிரந்தரப் பற்றாக்குறைதான். கோர்னாய் அந்த அமைப்புக்குள்ளேயே வாழ்ந்து எழுதியவர் என்பதால் அவர் வார்த்தைக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

அப்படியானால் ககாரின் எப்படிப் பறந்தார்?

நியாயமான கேள்வி. 1897 கணக்கெடுப்பில் 9 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 28 சதவீதம்தான். 1939-இல் அது 87 சதவீதம். உழவு நாடாக இருந்த ஒன்று, இருபதே ஆண்டுகளில் ஹிட்லரின் படையைத் தோற்கடிக்கும் அளவுக்குத் தொழில் பலம் பெற்றது. 1957-இல் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக், 1961 ஏப்ரல் 12-இல் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின். நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. மாஸ்கோவில் அச்சாகி நம் ஊருக்கு மலிவு விலையில் வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள் இன்றும் அவற்றை நன்றியோடு நினைக்கிறார்கள்.

ஒரே ஓர் இலக்கு, எல்லா வளமும் அதற்கே என்றால் மையத் திட்டம் நன்றாகவே வேலை செய்யும். கல்யாணச் சமையலை நினைத்துப் பாருங்கள். தலைமைச் சமையல்காரர் ஒருவர். முகூர்த்த நாள் தெரியும், வரப்போகும் கூட்டம் சுமாராகத் தெரியும், இலையில் என்ன வைப்பது என்பதும் முன்பே முடிவாகிவிட்டது. அவர் போடும் சாமான் பட்டியல் பெரும்பாலும் பிசகாது. அதே ஆளிடம் ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஆண்டு முழுவதும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பட்டியல் போடச் சொன்னால் நிலைமை வேறு. ஒரு வீட்டில் காய்ச்சல், இன்னொன்றில் விருந்தாளி, மற்றொன்றில் குழந்தைக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. ராக்கெட்டும் அணையும் போர்த் தளவாடமும் முதல் வகை. செருப்பும் சோப்பும் பல்வலி மருந்தும் இரண்டாம் வகை. சோவியத் நாடு முதல் வகையில் உலகை அசத்தியது. இரண்டாவதில் தன் மக்களையே வரிசையில் நிறுத்தியது.

சுயநலம் என்ற வாதம்

"பொதுச் சொத்து என்றால் யாரும் உழைக்க மாட்டார்கள்" என்பதற்கு வலுவான சான்றாகக் காட்டப்படுவது கூட்டுப் பண்ணைக் குடும்பங்களுக்கு விடப்பட்ட வீட்டுத் தோட்டம். மொத்த விளைநிலத்தில் சுமார் 3 சதவீதமே இருந்த அந்தத் துண்டு நிலங்களிலிருந்து வேளாண் உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய கால் பங்கு வந்தது. வலுவான எண்தான். ஆனாலும் அதில் பெரும்பகுதி பால், இறைச்சி, காய்கறி போன்ற விலை கூடிய பொருள்கள். அந்த மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனம் பல நேரம் கூட்டுப் பண்ணையிலிருந்தே வந்தது. எனவே அந்த எண்ணை அப்படியே சுயநலத்தின் வெற்றி என்று எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, அந்த விவசாயி கூட்டுப் பண்ணையில் விரும்பிச் சேர்ந்தவர் இல்லை. அடித்துச் சேர்க்கப்பட்டவர் ஆர்வமாக உழைக்கவில்லை என்பதிலிருந்து மனித இயல்பு பற்றிப் பெரிய முடிவுக்கு வருவது சரியாகாது.

விரும்பிச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறொரு இடத்தைப் பார்க்கலாம். 1910-இல், இன்றைய இஸ்ரேலில் உள்ள கலிலேயக் கடலின் தென் கரையில் பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து டெகானியா என்ற கூட்டுக் குடியிருப்பைத் தொடங்கினார்கள். இதுதான் முதல் கிப்புட்ஸ். சம்பளம் கிடையாது. பொதுச் சமையல், பொதுச் சாப்பாட்டுக் கூடம், பொதுச் சலவை. மருத்துவரும் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்பவரும் ஒரே பங்கு பெற்றார்கள். முடிவுகளை உறுப்பினர் கூட்டம் ஓட்டெடுத்துத் தீர்மானித்தது. 1980-களின் இறுதியில் இஸ்ரேலில் சுமார் 270 கிப்புட்ஸ்கள், அவற்றில் ஒன்றேகால் லட்சம் பேர். மூன்று தலைமுறை இப்படி வாழ்ந்திருக்கிறது. சுயநலம்தான் மனிதன் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தச் சமத்துவம் வேலிக்குள் மட்டும்தான் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1948-இல் வெளியேற்றப்பட்ட பாலஸ்தீனக் கிராமங்களின் நிலத்தில் எழுந்த கிப்புட்ஸ்கள் உண்டு. அரசின் சலுகைகளும் நிறையக் கிடைத்தன. உள்ளேயும் உரசல்கள் இருந்தன: குழந்தைகள் பெற்றோரோடு தூங்காமல் குழந்தைகள் இல்லத்தில் தூங்கும் வழக்கத்தைத் தாய்மார்கள் எதிர்த்து, கடைசியில் அது கைவிடப்பட்டது. கிப்புட்ஸ்களை ஆராய்ந்த பொருளியலர் ரான் அப்ரமிட்ஸ்கி, படிப்பும் திறமையும் கூடியவர்களே அதிகம் வெளியேறினார்கள் என்று காட்டினார். அந்த அளவுக்குச் சுயநல வாதத்தில் உண்மை இருக்கிறது. 1985-இல் பணவீக்கத்தை அடக்க அரசு எடுத்த நடவடிக்கைகளால் வட்டி ஏறி, கடன் கழுத்தை நெரித்தபோது பல கிப்புட்ஸ்கள் சம வருமானத்தை விட்டு, வேலைக்கேற்ற சம்பளத்துக்கு மாறின. டெகானியாவும் 2007-இல் மாறியது. ஓட்டெடுத்து மாறியது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கிப்புட்ஸில் பிடிக்காதவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். இருப்பவர் கை தூக்கி எதிர்க்கலாம். டிராக்டர் என்ன விலை, ஆரஞ்சு என்ன விலை என்பதை வெளிச் சந்தை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. சோவியத் குடிமகனுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

வாயடைத்த நாட்டில் பசி

கூட்டுப் பண்ணைத் திட்டத்தின் விளைவாக 1932-33-இல் உக்ரைன், கஸகஸ்தான், வோல்கா, வட காகசஸ் பகுதிகளில் பஞ்சம் வந்தது. உக்ரைனில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அப்போதும் கிராமங்களிலிருந்து தானியக் கொள்முதல் தொடர்ந்தது. ஏற்றுமதியும் முற்றாக நிற்கவில்லை. பண்ணையில் கதிர் பொறுக்கியவர்களைக்கூடத் தண்டிக்க 1932 ஆகஸ்ட் 7-இல் சட்டம் வந்தது. 1933 ஜனவரியில், பசித்த விவசாயிகள் உக்ரைனையும் வட காகசஸின் குபான் பகுதியையும் விட்டு வெளியேறுவதைத் தடுக்க உத்தரவு போனது. பத்திரிகையில் பஞ்சம் என்ற செய்தியே இல்லை.

1937 ஜனவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. சுமார் 16.2 கோடி என்று முடிவு வந்தது. மேலிடம் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைவு. செத்தவர்கள் கணக்கில் தெரிந்துவிட்டார்கள். கணக்கெடுப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதை நடத்திய புள்ளியியல் அதிகாரிகள் கைது செய்யப்பட்டார்கள். தலைமை வகித்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திட்டமிடும் அரசுக்குச் சரியான எண்தான் உயிர்மூச்சு. அந்த எண்ணைச் சொன்னவரைக் கொன்ற பிறகு, யார் உண்மையான எண்ணை அனுப்புவார்?

சீனாவில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1958-இல் மாவோவின் 'பெரும் பாய்ச்சல்' தொடங்கியது. மக்கள் கம்யூன்கள் எனப்பட்ட மாபெரும் கூட்டுப் பண்ணைகள், பொது உணவுக்கூடங்கள். ஒவ்வொரு மாவட்டமும் விளைச்சலைப் பல மடங்கு கூட்டிச் சொன்னது, சொன்ன கணக்குப்படி அரசு தானியத்தை எடுத்தது, விவசாயிக்கு மிஞ்சவில்லை. 1959-இல் லூஷான் கூட்டத்தில் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் மாவோவுக்குக் கடிதம் எழுதித் தவறுகளைச் சுட்டிக்காட்டினார். அவர் பதவி பறிக்கப்பட்டது. பஞ்சம் 1961 வரை நீடித்தது. இறந்தவர்கள் 1.5 கோடி முதல் 4.5 கோடி வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, சந்தையே சிறந்தது" என்று எழுந்துவிட வேண்டாம். 1943 வங்கப் பஞ்சம் சந்தை இருந்த இடத்தில்தான் வந்தது. அரிசி விலை ஏறியது. வாங்கக் காசில்லாத கூலிகளும் மீனவர்களும் செத்தார்கள். இறந்தவர் சுமார் 30 லட்சம். காசில்லாதவன் குரல் விலையில் கேட்காது. ரேஷன் கடை இருப்பது அதனால்தான். பிரிட்டிஷ் ஆட்சியில் வங்காளிக்கு அந்த அரசை இறக்கும் ஓட்டும் இல்லை. தேர்தலும் சுதந்திரப் பத்திரிகையும் இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்திய சென் சொன்னது இந்த இரு வகைப் பஞ்சங்களையும் ஆராய்ந்த பிறகுதான்.

விலையும் ஓட்டும் ஒரே நாளில் மோதிய ஒரு நிகழ்ச்சி உண்டு. சோவியத் நாட்டில் 1962 ஜூன் 1-இல் இறைச்சி விலையும் வெண்ணெய் விலையும் 25-30 சதவீதம் உயர்த்தப்பட்டன. பொருளாதாரக் கணக்குப்படி அந்த உயர்வில் அர்த்தம் இருந்தது. பண்ணைக்குச் செலவுக்கேற்ற விலை கிடைக்காததால்தான் இறைச்சி வரவில்லை. ஆனால் தெற்கு ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகர ரயில் எஞ்சின் ஆலையில் அப்போதுதான் வேலை அளவைக் கூட்டி வருமானத்தைக் குறைத்திருந்தார்கள். முறையிட்ட தொழிலாளிகளிடம் இறைச்சி இல்லாவிட்டால் ஈரல் பணியாரம் தின்னுங்கள் என்ற பொருளில் ஆலை இயக்குநர் பேசினார். வேலைநிறுத்தம் வெடித்தது. மறுநாள் செங்கொடியும் லெனின் படமும் ஏந்தி ஊர்வலமாக வந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 26. பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை. 1980-களின் இறுதிவரை இந்தச் செய்தி வெளியே வரவிடப்படவில்லை. தொழிலாளி வர்க்கத்தின் பேரால் ஆண்ட அரசு தொழிலாளியைச் சுட்டது என்பதை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

அதன் பொருளாதார விளைவும் நீளமானது. அந்த அச்சத்தில் அடுத்து வந்த தலைவர்கள் யாரும் இறைச்சியின் அரசு விலையைத் தொடவில்லை. 1991 வரை அது அப்படியே நின்றது. செலவு ஏறியது, மானியம் ஏறியது, வரிசை நீண்டது. விலையை உயர்த்த வேண்டும் என்றால் மக்களிடம் காரணம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் கேட்கும் வழியே இல்லாத அரசு, மக்களைக் கண்டு பயந்தே முப்பது ஆண்டு ஓட்டியது.

சீனா வேறு வழியில் வெளியே வந்தது. 1978 குளிர்காலத்தில் அன்ஹுய் மாகாணத்தின் ஷியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாக ஒரு தாளில் கைரேகை வைத்தார்கள்: பொது நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொள்வோம், அரசுக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வோம், யாராவது சிறைக்குப் போனால் அவர் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்போம். மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லீ இந்த முறைக்கு ஆதரவாக நின்றார். சில ஆண்டுகளில் நாடெங்கும் கம்யூன்கள் கலைக்கப்பட்டன. 1978-இல் சுமார் 30 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1984-இல் 40 கோடி டன்னைத் தாண்டியது. கொள்முதல் விலை உயர்வுக்கும் உரத்துக்கும் அதில் பங்கு உண்டு. சீனாவில் விலை திரும்பி வந்தது, ஓட்டு வரவில்லை.

கேரளத்தில் ஓட்டின் வழியாக 1957-இல் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். நிலச் சீர்திருத்தமும் பொதுக் கல்வியும் அந்த அரசியலின் பெரிய பேறுகள். ஆனால் அது சந்தைப் பொருளாதாரத்துக்குள் நடந்த சீர்திருத்தம்; தோற்றால் பதவி இறங்கி, அடுத்த தேர்தலுக்கு உழைக்க வேண்டிய கட்சி அது. மையத் திட்டத்துக்கு எடுத்துக்காட்டாக அதைக் காட்ட முடியாது.

இன்று கணினி இருக்கிறதே?

இளைஞர்கள் அடிக்கடி கேட்பது இது. கோஸ்பிளான் காகிதத்தில் போட்ட கணக்கை இன்றைய கணினிகள் நொடியில் போட்டுவிடாதா?

இந்தக் கனவு சோவியத் நாட்டிலேயே பிறந்தது. 1938-இல் லெனின்கிராடின் ஒட்டுப்பலகை ஆலைகள், எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் உரித்தால் உற்பத்தி மிகும் என்று கேட்டு இளம் கணிதவியலர் லியோனித் கந்தரோவிச்சை அணுகின. அவர் கண்ட தீர்வுதான் இன்று நேரியல் திட்டமிடல் எனப்படும் கணிதத்தின் தொடக்கம். அந்தக் கணக்கைத் தீர்க்கும்போது தட்டுப்பாடான ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் தானாக விழுந்தது: அந்தப் பொருள் இன்னும் ஓர் அலகு கிடைத்தால் உற்பத்தி எவ்வளவு கூடும் என்று சொல்லும் எண். அதாவது, விலை. சந்தையை ஒழித்துவிட்டுப் போட்ட கணக்கிலும் விலை உள்ளிருந்து எழுந்துவந்தது. உழைப்பே மதிப்பு என்ற மார்க்சியப் பாடத்துக்கு இது முரண் என்று கருதப்பட்டதால், 1942-இல் அவர் எழுதிமுடித்த நூல் 1959-இல்தான் வெளிவந்தது. 1975-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அறுபதுகளில் கீவ் நகரின் விக்டர் குளுஷ்கோவ் நாட்டின் ஆலைகளையெல்லாம் கணினி வலையால் இணைக்கும் மாபெரும் திட்டத்தை முன்வைத்தார். நிதி அமைச்சகம் எதிர்த்தது. 1970-இல் மேலிடம் முழுத் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. பணமும் தொழில்நுட்பமும் தடைகள்தான். ஆனால் எந்த அமைச்சகமும் தன் உண்மைக் கணக்கை இன்னொரு அமைச்சகம் பார்க்க விரும்பவில்லை. கணினி எவ்வளவு வேகமானாலும், பொய் எண்ணை ஊட்டினால் பொய்ப் பதிலையே தரும். நாளைக்கு எனக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்கே தெரியாதபோது, அதை யாரும் முன்கூட்டியே அதற்கு ஊட்டவும் முடியாது.

ஓட்டோடு சேர்த்து இதைச் செய்து பார்த்த ஒரே முயற்சி என்று எனக்குத் தோன்றுவது சிலி. 1970 தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த சல்வதோர் அயெந்தேயின் அரசு, பிரிட்டிஷ் நிபுணர் ஸ்டாஃபோர்ட் பீரை அழைத்து, அரசு ஆலைகளை டெலக்ஸ் எனப்படும், தொலைவுக்கு எழுத்துச் செய்தி அனுப்பும் கருவிகளால் சாந்தியாகோவில் இருந்த ஒரு கணினியோடு இணைக்கத் தொடங்கியது. 1972 அக்டோபர் லாரி வேலைநிறுத்தத்தின்போது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த ஊருக்கு எது வேண்டும் என்பதை அறிய அந்த வலை கைகொடுத்தது. 1973 செப்டம்பர் 11-இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. திட்டமும் அதோடு போனது. ஆனால் கவிழ்ப்புக்கு முன்பே, அரசு விலை கட்டிவைத்த பண்டங்கள் கடையிலிருந்து மறைந்து கள்ளச்சந்தைக்குப் போயிருந்தன, பணவீக்கம் கட்டுமீறியிருந்தது. அதில் அமெரிக்க நெருக்கடிக்கு எவ்வளவு பங்கு, முதலாளிகளின் பதுக்கலுக்கு எவ்வளவு, விலையைப் பிடித்துவைத்த கொள்கைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த மூன்று ஆண்டுகள் போதவில்லை.